சிவப்புத் தட்டில் ஒன்றுமே இல்லை

“இந்தக் கம்பெனியில தப்பே நடக்காதாம் அண்ணி. பேசாம நம்ம வீட்டையும் இவங்ககிட்ட ஒப்படைச்சுடலாம்” என்று குண்டூசி உதடு அசையாமல் முணுமுணுத்தான்.

அண்ணி அதைக் காதில் வாங்கவில்லை. கூரையிலிருந்து தொங்கிய பதாகையை அண்ணாந்து படித்துக்கொண்டிருந்தாள். ‘சிவப்பே இல்லாத ஆண்டு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதற்கு நேர் கீழே நீளமான மேசை. சமையல் கேஸ் சிலிண்டரின் தலையில் மாட்டுகிற ரெகுலேட்டர்கள் அதன்மேல் ஒவ்வொன்றாக நகர்ந்து வந்தன. மேசையின் கோடியில் இரண்டு தகரத் தட்டுகள். தேறியவற்றைப் போடும் பச்சைத் தட்டு நிரம்பி வழிந்தது. தேறாதவற்றைப் போடும் சிவப்புத் தட்டில் ஒன்றுமே இல்லை.

குண்டூசி அண்ணியின் புருஷனுக்குத் தம்பி. நாற்பதைத் தாண்டியவன். யாரிடம் பேசினாலும் எங்காவது ஒரு இடத்தில் குத்தாமல் விடமாட்டான் என்பதால் வந்த பெயர். இதற்கு முன் ஒரு கம்பெனியில் சரக்கு அனுப்பும் பிரிவில் வேலை பார்த்தான். ஒருநாள் மேம்பாட்டுப் பிரிவு என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்தார். “நீங்க காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் என்னென்ன செய்றீங்க?” என்று அக்கறையாக விசாரித்தார், டீ வாங்கிக் கொடுத்தார், கட்டம் கட்டமாக ஒரு படம் வரைந்தார். அடுத்த மாதம் வந்த புதிய படத்தில் குண்டூசியின் கட்டம் இல்லை. அன்றிலிருந்து கட்டம் வரைகிற ஆசாமியைக் கண்டாலே அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அண்ணி இன்சூரன்ஸ் கம்பெனியில் சர்வேயராக இருந்தவள். எரிந்த கடை, மூழ்கிய லாரி, தானாகக் காணாமல் போன சரக்கு என்று பார்த்துப் பார்த்துப் பழகியவள். இப்போது தையல்கடை மாடியில் ஒரு அறை எடுத்துத் துப்பறிகிறாள். வேலை போன கொழுந்தனை வீட்டில் உட்கார வைத்துச் சோறு போடுவதைவிடக் கூடவே அழைத்துக்கொண்டு சுற்றுவது செலவு குறைவு என்று அவள் முடிவெடுத்ததாகக் குண்டூசியே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான்.

இன்றைக்கு இரண்டு பேருக்கும் வேஷம். ஒரு சோப்புக் கம்பெனியிலிருந்து, பரிசு வாங்கிய இந்தத் தொழிற்சாலையைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வந்திருக்கிறார்கள். வாசலில் அனுமதிச் சீட்டில் அவர்களுக்காகக் கையெழுத்துப் போட்டு உள்ளே விட்டவள்தான் வழக்கைக் கொடுத்தவள். இதே தொழிற்சாலையின் மாடியில், மேம்பாட்டுப் பிரிவில், கட்டம் வரைகிற வேலை அவளுக்கு. கீழே இந்த மேசையின் கோடியில் அவளுடைய அப்பாவுக்கு வேலை. நேற்றுவரை.

விஷயம் இதுதான். இங்கே செய்த ஒரு ரெகுலேட்டர் ஒரு வீட்டில் கசிந்துவிட்டது. சமையலறை தீப்பிடித்தது. கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத மருமகள் ஆஸ்பத்திரியில் போராடிப் பார்த்துவிட்டு நேற்று இறந்துபோனாள். ரெகுலேட்டரின் அடியில் சின்னதாக ஒரு புள்ளி முத்திரை இருந்தது. தேறிய ஒவ்வொன்றிலும் கடைசியாகப் பார்ப்பவர் தன் கையால் குத்தவேண்டிய முத்திரை. அதைக் குத்தியவர் வழக்கைக் கொடுத்த பெண்ணின் அப்பா. இன்று மதியம் கம்பெனியின் விசாரணைக் குழு கூடுகிறது. ‘இவருடைய அலட்சியம்தான் காரணம்’ என்று அது சொல்லிவிட்டால், வரவேற்பறையில் காத்திருக்கிற போலீஸ்காரர்கள் அவரை அழைத்துப் போய்விடுவார்கள்.

“எங்கப்பா கண்ணால பார்க்காம ஒண்ணைக்கூட விடமாட்டார் மேடம். இதுக்குக் காரணம் வேற யாரோ. அது யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் கொடுங்க” என்று அவள் தையல்கடை மாடியில் உட்கார்ந்து அழுதபோது, கட்டம் வரைகிறவள் என்பதையும் மறந்து குண்டூசி தன் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்திருந்தான்.

“எங்க தத்துவம் ரொம்ப எளிமையானது” என்று பேனாவை ஆட்டியபடி சொன்னார் பக்கத்தில் நின்ற மேம்பாட்டு மேலாளர். எதையும் சுருக்கிவிடுவார் என்பதால் தொழிலாளிகள் அவருக்கு வைத்த பெயர் சுருக்கு சார். “ஒவ்வொரு வேலையையும் துண்டு துண்டாப் பிரிச்சுப் பார்ப்போம். வேண்டாத துண்டைத் தூக்கிடுவோம். வேண்டாத நடை, வேண்டாத காத்திருப்பு, வேண்டாத பேச்சு, எல்லாத்தையும்.”

“வேண்டாத மனுஷன்?” என்றான் குண்டூசி.

“அதையும் குறைச்சுக்கிட்டேதான் வர்றோம்” என்று அவர் மகிழ்ச்சியாகச் சொன்னார். குத்து உள்ளே போகவே இல்லை. குண்டூசிக்கு இது புது அனுபவம்.

அண்ணி சிவப்புத் தட்டைக் கையில் எடுத்துப் புரட்டினாள். “இதை எப்போ பெயின்ட் அடிச்சீங்க?”

“இந்த ஆண்டு தொடங்கினப்போ. ரெண்டு தட்டும் ஒரே நாள்ல வாங்கினதுதான்.”

பச்சைத் தட்டின் உட்புறம் உரிந்து தகரம் தெரிந்தது. பித்தளைச் சாமான்களை நாள் முழுக்கப் போட்டுப் போட்டு எடுத்தால் அப்படித்தான் ஆகும். சிவப்புத் தட்டில் ஒரு கீறல் கிடையாது. கடையிலிருந்து நேராக வந்ததுபோல் பளபளத்தது.

“ஒண்ணுகூடத் தேறாமப் போனதில்லையா?”

“அதான் எங்க சாதனை. சிவப்புத் தட்டு காலியா இருக்கிற வாரம் இந்த மேசையில இருக்கிறவங்க எல்லாருக்கும் சனிக்கிழமை அரை நாள் லீவு. எல்லா வாரமும் வாங்கிடறாங்க.”

“எங்க சோப்பே சமயத்துல வழுக்கிடுதுங்க. உங்களுக்கு எப்படித்தான் கைகூடுதோ” என்றான் குண்டூசி.

அண்ணி இப்போது சோதனை மிஷின் பக்கம் குனிந்திருந்தாள். ரொம்ப எளிய மிஷின். ரெகுலேட்டரை அதன் வாயில் வைத்துக் கைப்பிடியை இறக்கினால் இறுக்கிக்கொள்ளும். பொத்தானை அமுக்கினால் காற்று உள்ளே போகும். காற்று கசியாவிட்டால் பச்சை விளக்கு, கசிந்தால் சிவப்பு விளக்கு. “உங்க பொத்தான் ரொம்பத் தேஞ்சிருக்கே சார்” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் எந்த மாற்றமும் இல்லை.

யாரோ போன் என்று கூப்பிட்டதும் சுருக்கு சார் நகர்ந்தார். அண்ணி குரலைத் தாழ்த்தினாள்.

“தம்பி, ஒரு பீஸுக்குக் கைப்பிடியை எத்தனை தடவை இறக்கணும்?”

“ஒரு தடவை.”

“பொத்தானை எத்தனை தடவை அமுக்கணும்?”

“அதுவும் ஒரு தடவைதான்.”

“அப்போ ரெண்டும் ஒரே மாதிரிதானே தேயணும். இப்போ பாரு.”

குண்டூசி பார்த்தான். கைப்பிடியின் கறுப்பு பெயின்ட் அநேகமாக அப்படியே இருந்தது. பொத்தானோ எழுத்தெல்லாம் அழிந்து, கட்டைவிரல் பதிகிற இடத்தில் குழியே விழுந்திருந்தது.

மிஷினில் உட்கார்ந்திருந்த அம்மாளை எல்லோரும் விளக்கம்மா என்று கூப்பிட்டார்கள். மூக்குக்கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். வாயும் கையும் சேர்ந்து வேலை செய்கிற ரகம். குண்டூசி தன் முகத்தில் இருப்பதிலேயே அப்பாவியான முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்றான்.

“சும்மா வேலையைப் பார்த்துக் கத்துக்கலாம்னு வந்தோம்மா.”

“பாருங்களேன். இதுல ஒண்ணும் ரகசியமில்லை.” அவள் ஒரு ரெகுலேட்டரை வைத்துக் கைப்பிடியை இறக்கினாள். பொத்தானை அமுக்கினாள். பச்சை. அடுத்தது. பச்சை. அதற்கடுத்தது. சிவப்பு.

விளக்கம்மா அசரவில்லை. சாமானை எடுக்காமல் அப்படியே மறுபடி அமுக்கினாள். சிவப்பு. பேரனுக்குப் பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் குறைந்துவிட்ட கதையைச் சொல்லிக்கொண்டே அமுக்கினாள், அமுக்கினாள், அமுக்கிக்கொண்டே இருந்தாள். கதை முடிவதற்குள் பச்சை வந்தது. எடுத்துப் பச்சைத் தட்டில் போட்டாள்.

“ஏம்மா, இப்போ சிவப்பு வந்துச்சே?”

“அதான் போயிடுச்சே.”

“முதல்ல வந்த சிவப்பு?”

“அது கணக்குல வராது சார். கடைசியா என்ன விளக்கு எரியுதோ அதுதான் கணக்கு. சிவப்பு வந்தா மறுபடி அமுக்கணும். அது ரூல்தான். நாங்களா எதுவும் செய்யலை.”

“எத்தனை தடவை அமுக்கணும்னு ரூல்ல இருக்கா?”

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “பச்சை வர்ற வரைக்கும்தான். வேற எதுக்கு அமுக்குறது?”

குண்டூசிக்கு வாயில் ஒரு நக்கல் தயாராக இருந்தது. அது வெளியே வரவில்லை. அந்தப் பச்சைத் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துத்தான் அந்த மருமகள் வீட்டுச் சிலிண்டரில் யாரோ மாட்டினார்கள். விளக்கம்மாவின் முகத்தில் கள்ளமில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

முற்றத்தில் வேன்களின் நிழலில் நின்றபோது அண்ணி விளக்கினாள். “உள்ள இருக்கிற ரப்பர் வளையம் சரியா உட்காரலைன்னா காத்து கசியும். மறுபடி மறுபடி காத்தை அழுத்தினா வளையம் அப்போதைக்கு ஒட்டிக்கும். பச்சை வந்துடும். வீட்டுக்குப் போய் கொஞ்ச நாள்ல பழையபடி தளர்ந்துடும்.”

“அப்போ கேஸ் முடிஞ்சுது. குத்தவாளி அந்த ரூல். அதைப் போட்டவன் சுருக்கு. நேரா விசாரணைக் குழு முன்னாடி போய் அவனைக் கிழிச்சுத் தோரணம் கட்டிடலாம் அண்ணி.” பழைய கம்பெனியில் டீ வாங்கிக் கொடுத்தவரின் முகம் அவன் கண்முன் வந்து நின்றது. சந்தோஷமாக இருந்தது.

“நீ அந்த மேசையை இன்னும் சரியாப் பார்க்கலை” என்றாள் அண்ணி. “விளக்கம்மா சோத்துக்கையால சாமானை எடுத்து வைக்கிறா. கைப்பிடியை இறக்குறா. பொத்தானுக்கு மட்டும் உடம்பையே திருப்ப வேண்டியிருக்கு. ஏன்?”

“பொத்தான் இடது பக்கம் இருக்கு.”

“அந்த மேசையில இடது கைக்காரங்க யாராவது இருக்காங்களா?”

“இல்லை.”

“சுருக்கு சார் பேனாவை எந்தக் கையில பிடிச்சார்?”

“வலது கை.” சொல்லும்போதே குண்டூசிக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு மேசையை அமைக்கிறவர் முதலில் தானே உட்கார்ந்து, தன் கைக்கு எது எங்கே வாகாக இருக்கிறது என்றுதான் பார்ப்பார். மேசை யாருடைய கைக்கு அளந்து செய்ததோ, அதில் நடக்கிற வேலையும் அவர் வகுத்ததுதான். காலையில் அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டது ஒரு இடது கை. தையல்கடை மாடியில் அவனுடைய கைக்குட்டையை வாங்கிக் கண்ணைத் துடைத்ததும் அதே கை.

“இருக்காது அண்ணி. அது பாவம் சின்னப் பொண்ணு.”

“வா, அவங்கப்பாகிட்ட பேசுவோம்.”

வாசலை ஒட்டிய சின்ன அறையில் அவரை உட்கார வைத்திருந்தார்கள். ஒரு மர பெஞ்சு, ஒரு மின்விசிறி, ஜன்னலுக்கு வெளியே சைக்கிள் நிறுத்துமிடம். மெலிந்த மனிதர். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார். விரல்களின் தோல் வெடித்து வெடித்து ஆறியதில் கரடுமுரடாக இருந்தது.

“மறுபடி மறுபடி அமுக்குறாங்களே, அது உங்களுக்குத் தெரியுமா ஐயா?” என்று அண்ணி நேராகக் கேட்டாள்.

“தெரியும்.”

“அதைக் குழுகிட்ட சொன்னா நீங்க தப்பிச்சுடலாம்.”

“எதுக்கு? முத்திரை குத்தினது என் கை. பச்சைத் தட்டுல வந்தா நல்லதாத்தான் இருக்கும்னு திரும்பிப் பார்க்காமக் குத்தினேன். ஒண்ணையும் பார்த்துக் குத்தலை. எம் பொண்ணு என்னைப் பத்தி என்ன சொல்லியிருந்தாலும் அது பெத்தவன் மேல இருக்கிற பாசத்துல சொன்னது.”

“அந்த ரூலைப் போட்டது யாரு?” என்றான் குண்டூசி. சுருக்கு என்று அவர் சொல்லிவிட மாட்டாரா என்று அவனுக்கு இருந்தது.

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“பொத்தான் இடது பக்கம் இருக்குங்க ஐயா” என்றாள் அண்ணி.

அந்த மனிதரின் முகம் இருண்டுபோனது. எழுந்து, அண்ணி தடுப்பதற்குள் இரண்டு கையையும் கூப்பிவிட்டார்.

“அம்மா, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன். இது இந்த அறையை விட்டு வெளியே போக வேண்டாம். முன்னெல்லாம் ஒவ்வொண்ணையும் தண்ணித் தொட்டியில முக்கி, குமிழி வருதான்னு பார்ப்போம். நாள் முழுக்கத் தண்ணியில கை. என் கையைப் பாருங்க. ராத்திரி சோறு பிசைய முடியாது. அவதான் சின்ன வயசுலேர்ந்து பிசைஞ்சு கொடுப்பா. இங்க வேலைக்கு வந்ததும் அவ முதல்ல போட்ட படமே அந்தத் தொட்டியை எடுத்துட்டு மிஷின் வைக்கிற படம்தான். என் கைக்காகத்தான் செஞ்சா. செஞ்சது நல்லதும்தான். எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா? அந்தப் பெருமையிலதான் கண்ணை மூடிக்கிட்டு முத்திரை குத்தினேன்.”

“இப்போ?”

“காலையிலேயே எழுதிக் கொடுத்துட்டேன். என் அலட்சியம்தான்னு. எனக்கு இனிமே என்ன இருக்கு? அவளுக்கு இன்னும் வாழ்க்கையே ஆரம்பிக்கலை. ஒரு உயிர் போனதுக்கு நாமதான் காரணம்னு அவளுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா தாங்கமாட்டா.”

குண்டூசி எத்தனையோ வழக்கில் பொய் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறான். தன் தலையில் தானே கல்லைத் தூக்கிப் போட்டுக்கொள்வதற்காக இப்படிக் கெஞ்சுகிறவரை இப்போதுதான் பார்க்கிறான். அவரைக் காப்பாற்றத்தான் வந்தார்கள். காப்பாற்றுவதற்கு இருந்த ஒரே வழி அவருடைய மகளின் தலைமேல்தான் போனது.

வெளியே வந்ததும் சுருக்கு சார் எதிரே வந்தார். கூடவே கருவிப்பெட்டியோடு ஒரு மெக்கானிக்.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்” என்று அண்ணியிடம் உற்சாகமாகச் சொன்னார். “பொத்தான் தேஞ்சிருக்குன்னு சொன்னீங்களே, எங்க ஆளுங்க யாருமே கவனிக்கலை. உடனே புதுசு மாத்தச் சொல்லிட்டேன். கைப்பிடிக்கும் பெயின்ட் அடிச்சுடுவாங்க. வெளியிலேர்ந்து வர்றவங்க கண்ணே தனிதான்.”

மெக்கானிக் உள்ளே போனான். அவர்கள் கையில் இருந்த ஒரே தடயம் அவர்கள் சொல்லியே துடைத்தெறியப்படப்போகிறது. “எங்க கம்பெனியில இவ்வளவு வேகமா எதுவும் நடக்காது சார்” என்றான் குண்டூசி. அவன் குத்தலாகத்தான் சொன்னான். சுருக்கு சார் அதற்கும் நன்றி சொன்னார்.

மாடிப்படியின் திருப்பத்தில் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். மேலே விசாரணை அறை. கதவு மூடியிருந்தது.

“கண்டுபிடிச்சீங்களா மேடம்?”

அண்ணி குண்டூசியைப் பார்த்தாள். குண்டூசி சுவரைப் பார்த்தான். தெரிந்தால் தாங்கமாட்டாள் என்று அந்த மனிதர் சொன்னது காதில் இருந்தது. அவன் வாய்க்கு வந்ததை அவிழ்த்துவிட்டான். “இன்னும் ஒரு முடிவுக்கு வரலைம்மா. ரப்பர் விக்கிறவன் மேல ஒரு சந்தேகம் இருக்கு. அந்த ஆளு...”

“ரப்பர் நல்ல ரப்பர்தான் சார்” என்றாள் அவள். “நான் சோதிச்சுப் பார்த்துட்டேன். உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடியே.”

அண்ணி ஒரு படி மேலே ஏறி அவள் பக்கத்தில் நின்றாள்.

“உனக்குத் தெரியுமா?” என்று அண்ணி மெதுவாகக் கேட்டாள்.

“தீப்பிடிச்ச அன்னைக்கே தெரியும். மிஷின் புதுசா வந்தப்போ சும்மா தூசி பட்டாலே சிவப்பு எரியும். நல்ல பீஸெல்லாம் குப்பைக்குப் போச்சு. மேசையில இருந்தவங்க திட்டு வாங்கி வாங்கி அழுதாங்க. அதனால, சிவப்பு வந்தா மறுபடி அமுக்கிப் பாருங்கன்னு நான்தான் போட்டேன். எத்தனை தடவைன்னு போடணும்னு எனக்குத் தோணவே இல்லை. அடுத்த வாரத்துலேர்ந்து சிவப்பே வரலை. எனக்குக் கை தட்டினாங்க. ஏன் வரலைன்னு நான் கீழ இறங்கிப் போய்ப் பார்க்கலை.”

“அப்புறம் எங்களை எதுக்கும்மா கூட்டிட்டு வந்தே?” என்றான் குண்டூசி.

“நான் தப்பா நினைச்சுட்டு இருக்கலாம் இல்லையா சார். வேற யாராவது இருப்பாங்க, நீங்க வந்து கண்டுபிடிச்சுடுவீங்கன்னு நினைச்சேன்.” அவள் குரல் உடைந்தது. “நீங்க ரொம்ப கெட்டிக்காரங்கன்னு எல்லாரும் சொன்னாங்க.”

இத்தனை வருஷத்தில் துப்பறிந்ததற்காக அண்ணி வெட்கப்பட்டுக் குண்டூசி பார்த்ததில்லை. இன்று பார்த்தான்.

“அப்பா எழுதிக் கொடுத்துட்டாராமே” என்றாள் அவள். “நான் உள்ளே போய்ச் சொல்லிடறேன். நான்தான்னு.” முகத்தைத் துடைத்துக்கொண்டாள், கதவைத் தட்டினாள், உள்ளே போனாள். அவளுக்கு அந்தத் துணிச்சல் இருக்கும் என்று குண்டூசி எதிர்பார்க்கவில்லை. ஒரு கட்டம் வரைகிறவளை அவன் மனதார மதித்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

வெகுநேரம் ஆயிற்று. கீழே மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்தது. ஆட்கள் டப்பாக்களோடு முற்றத்தைக் கடந்து போனார்கள். ஒருதரம் கதவு திறந்து, உள்ளிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். இன்னொருதரம் சுருக்கு சார் உள்ளே போனார். பிறகு வேறொருவர் வெளியே வந்து, கீழே யாருக்கோ கை காட்டினார். போலீஸ்காரர்கள் எழுந்து வாசல் அறைப் பக்கம் நடந்தார்கள்.

“அண்ணி, அவங்க அவரைக் கூட்டிட்டுப் போறாங்க.”

“பார்த்துட்டேன்.”

அந்தப் பெண் வெளியே வந்தபோது அவள் முகத்தில் அழுகையே இல்லை. அது போய்விட்டிருந்தது.

“எல்லாத்தையும் சொன்னேன். ரொம்ப மரியாதையாத்தான் கேட்டாங்க” என்றாள். “அப்பா மேல இருக்கிற பாசத்துல சொல்றேன்னாங்க. யோசிச்சு மறுபடி சொல்லும்மான்னாங்க. மறுபடி அதையேதான் சொன்னேன். பரிசு வாங்கின முறை அது, அதுல தப்பிருக்குன்னா இதுவரைக்கும் வித்ததை எல்லாம் திரும்ப வாங்கணும், கம்பெனியை இழுத்து மூடணும், கீழ இருக்கிற அத்தனை பேரும் நடுத்தெருவுல நிப்பாங்க, இன்னொரு தடவை நிதானமா யோசிச்சுச் சொல்லும்மான்னாங்க. அப்படியே கேட்டுக்கிட்டே இருந்தாங்க. கடைசியில, எங்கப்பா கவனிக்கலைன்னு சொன்னேன். அதை மட்டும் எழுதிக்கிட்டாங்க.”

கீழே போலீஸ் ஜீப் உறுமியது.

அவர்கள் மூவரும் கீழே ஓடியபோது அப்பா ஜீப்பில் ஏறியிருந்தார். மகளைக் கண்டதும் அவர் கண்கள், ‘அவளுக்குத் தெரியுமா?’ என்ற கேள்வியோடு அண்ணியிடம் போயின. அண்ணி இல்லை என்று தலையசைத்தாள். அந்த மனிதர் நிம்மதியாக மூச்சு விட்டார். அந்த நிம்மதியைப் பார்த்துக்கொண்டு நிற்பது குண்டூசிக்குக் கொடுமையாக இருந்தது.

“நேரத்துக்குச் சாப்பிடு. வீட்டுச் சாவி மேசை மேல இருக்கு” என்றார் மகளிடம். அவள் “சரிப்பா” என்றாள். மகளைக் காப்பாற்றிவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டார்; அவள் அப்படியே நினைக்க விட்டாள். ஜீப் கேட்டைத் தாண்டிப் போனது.

“வெளிய போய்ப் பேசுவோம். பேப்பர்காரங்க இருக்காங்க, கோர்ட் இருக்கு. நீ சொல்லத் தயாரா இருந்தா நான் கூட நிக்கிறேன்” என்றாள் அண்ணி. ஆனால் அவள் குரலிலேயே பலமில்லை. அப்பா எழுதிக் கொடுத்தது ஒரு பக்கம், மகள் சொன்னது இன்னொரு பக்கம், உள்ளே பளபளவென்று புதுப் பொத்தான். எதைக் காட்டிப் பேசுவது?

“நேரமில்லை மேடம். திங்கட்கிழமைக்குள்ள புதுப் படம் கொடுக்கணும்” என்றாள் அந்தப் பெண். “மனுஷன் குத்துற முத்திரையாலதான் தப்பு வந்துச்சுன்னு குழு முடிவு பண்ணியிருக்கு. அதனால முத்திரையே வேண்டாமாம். அப்பாவோட நாற்காலியை எடுத்துட்டுப் படம் போடச் சொல்லியிருக்காங்க. பச்சை வந்தா நேரா பெட்டிக்குள்ள.”

“நீ மாட்டேன்னு சொல்லியிருக்கலாமேம்மா” என்றான் குண்டூசி.

“சொன்னா வேற யாராவது போடுவாங்க சார். நான் போட்டா ஒண்ணு செய்யலாம்னு தோணுச்சு. ஒரு தடவைக்கு மேல அமுக்கக் கூடாதுன்னு சேர்க்க விடுங்க, அப்பா விஷயத்துல நான் வாயைத் திறக்கமாட்டேன்னு கேட்டேன். உற்பத்தி பாதியாயிடும்னாங்க. கெஞ்சினேன். கடைசியில மூணு தடவைக்கு ஒத்துக்கிட்டாங்க.”

அவள் அதைச் சொன்ன விதத்தில் ஏதோ கொஞ்சம் கையில் கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அப்பாவைக் கொடுத்து வாங்கி வந்தது அது.

சாப்பிட்டுவிட்டுக் கை கழுவி வந்த விளக்கம்மா அவர்கள் பக்கத்தில் நின்றாள். பெண்ணின் தலையைத் தடவிக் கொடுத்தாள். ஜீப் போன திசையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். அவளுக்கு என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியவில்லை. தெரிந்த வேலையைப் பற்றியே பேசினாள்.

“மூணு தடவைதான் அமுக்கணுமாமே, இப்போதான் சொன்னாங்க. அதை நினைச்சு நீ கவலைப்படாதே கண்ணு. எங்களுக்கு அதுல ஒரு கஷ்டமும் இல்லை. எப்பவாவது ஒண்ணுதான் பிடிவாதம் பிடிக்கும். மத்ததெல்லாம் ரெண்டாவது தடவையிலேயே பச்சை வந்துடும்.”